நீலப் பலகையைக் கீழிருந்து படியுங்கள்: செர்ரி வேலி பக்கம் முதல்முறை போகிறவர்களுக்கு

ஆல்பனி பக்கம் வேலைக்கு வந்தவர்கள் முதல் கோடையிலேயே கூப்பர்ஸ்டவுனுக்கு ஒரு நடை போய்விடுவார்கள். பேஸ்பால் அருங்காட்சியகம், ஏரிக்கரை, கட்டிக்கொண்டு போன புளிசாதம், அப்புறம் வீடு. நாங்களும் அப்படித்தான் போய்வந்தோம். 20-ஆம் எண் சாலையில் போகும்போது ஓரத்தில் நீலப் பலகைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். மஞ்சள் எழுத்து. படித்து முடிப்பதற்குள் பின்னால் போய்விடும். கண்ணில் தங்குவது வருடம் மட்டும்தான். மூன்றாவது தடவை போனபோது பின்சீட்டிலிருந்து மகள், "ஏம்ப்பா, எல்லாத்துலயும் 1778, 1779னே போட்டிருக்கு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பலகைகளுக்காகவே ஐந்தாறு முறை போயிருக்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஆட்ஸீகோ கவுன்ட்டியில் இருக்கும் செர்ரி வேலி என்ற சிற்றூரை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதை, நான் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் சுமார் ஐந்நூறு பேர். ஒரே ஒரு பெரிய தெரு. அதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்காமல் இருக்க வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கிறது.

முதல் வேலை: 1778-ஐ மாத வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பலகையில் ஐந்தாறு வரிக்குத்தான் இடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்று எந்தப் பலகையும் சொல்லாது. அந்தக் கயிற்றை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

1738-இல் ஜான் லிண்ட்ஸே என்பவரும் கூட்டாளிகளும் ஆங்கிலேய அரசிடம் 8,000 ஏக்கர் நிலப் பட்டா வாங்கினார்கள். மோஹாக் மக்களின் நாட்டை ஒட்டிய காடு அது. 1740-இல் லிண்ட்ஸே குடும்பத்தோடு வந்து குடியேறினார். அடுத்த வருடம் சாமுவேல் டன்லப் என்ற பாதிரியார் ஸ்காட்ச்-ஐரிஷ் குடும்பங்களை அழைத்து வந்தார். சுற்றிலும் காட்டுச் செர்ரி மரங்கள் இருந்ததால் அவர்தான் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தார் என்பார்கள். 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தம் வெள்ளையர் நிலத்துக்கும் பூர்வகுடி நிலத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. இந்தப் பகுதியில் அந்தக் கோடு உனடில்லா ஆற்றின் வழியே போனது. செர்ரி வேலி அதற்குக் கிழக்கே ஒரு நாள் நடை. எல்லைப்புறம் என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் ஹோடினோஷோனி என்ற ஆறு நாட்டுக் கூட்டமைப்பு உடைந்தது. மோஹாக், செனகா, கயூகா, ஒனன்டாகா மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் பக்கம். ஒனைடா, டஸ்கரோரா மக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம். இனி 1778-இன் தாக்குதல்களை ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

மே 30, கோபிள்ஸ்கில். ஜூலை 3, பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்கு. ஜூலை 18, ஆண்ட்ரஸ்டவுன். செப்டம்பர் 17, ஜெர்மன் ஃபிளாட்ஸ். ஆடம் ஹெல்மர் என்ற ஒற்றர் காடு வழியாக ஓடிவந்து முன்கூட்டியே சொல்லிவிட்டதால் மக்கள் கோட்டைக்குள் புகுந்து பிழைத்தார்கள், வீடுகள் எரிந்தன. இவையெல்லாம் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர்கள் நடத்திய தாக்குதல்கள்.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஒனாகுவாகாவும் உனடில்லாவும். இவற்றை எரித்தது அமெரிக்கப் படை. ஒனாகுவாகா பூர்வகுடி மக்களின் பெரிய ஊர். தான் பார்த்த இந்தியர் ஊர்களிலேயே மிக அழகானது என்று, எரித்த தளபதியே எழுதி வைத்திருக்கிறார்: செதுக்கிய மரத்தில் நாற்பது நல்ல வீடுகள், கல் புகைபோக்கி, கண்ணாடி ஜன்னல். ஆட்கள் முன்பே வெளியேறிவிட்டிருந்தார்கள். வீடும் தானியமும் எரிந்தன, குளிர்காலம் வாசலில்.

நவம்பர் 11, செர்ரி வேலி. ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர்கள் அக்டோபருக்குக் கொடுத்த பதிலடி.

இந்த வரிசையில் அக்டோபரை எடுத்துவிட்டால் நவம்பர் வெறும் பேய்க்கதை ஆகிவிடும். சாலையோரப் பலகைகள் பலவற்றில் அக்டோபர் இல்லை. அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாவது: இடங்களைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்

ஹிஸ்டாரிகல் மார்க்கர் டேட்டாபேஸ் என்று ஒரு தளம் 2006 முதல் இருக்கிறது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு பலகையையும் படமெடுத்து, வாசகத்தைத் தட்டச்சு செய்து, இருக்குமிடத்தைக் குறித்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். செர்ரி வேலி என்று தேடினால் அக்கம்பக்கத்துப் பலகைகளும் தூர வரிசையில் வரும். அந்தப் பக்கத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். நமக்குத் தேவையான திருப்பத்தில்தான் சரியாகப் போகும்.

வழி எளிது. ஆல்பனியிலிருந்து 20-ஆம் எண் சாலையையே பிடித்து மேற்கே வந்தால் ஐம்பது மைல் சொச்சம். இதே தடத்தில் ஆல்பனியையும் செர்ரி வேலியையும் இணைத்து ஒரு சுங்கச்சாலை போட 1799-இலேயே கம்பெனிக்கு அனுமதி கிடைத்திருந்தது. வண்டிமாடு போன பாதையில்தான் நாம் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுப் போகிறோம். துருவே விரைவுச் சாலையில் வருபவர்கள் கனஜோஹரியில் இறங்கி ஷாரன் ஸ்பிரிங்ஸ் வழியாக வரலாம்.

மே கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை போங்கள். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஒதுக்கும் பனி பலகையின் கழுத்துவரை ஏறிவிடும். நவம்பரில், அந்த நாளிலேயே அந்த ஊரில் நிற்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போகலாம், ஆனால் அது மான் வேட்டைக் காலம். காட்டோரம் நடப்பதாக இருந்தால் ஆரஞ்சு நிற மேல்சட்டை கட்டாயம்.

மூன்றாவது: வண்டியை எங்கே நிறுத்துவது

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் இது. பலகையைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போடாதீர்கள். பின்னால் வருகிற பால் டேங்கர் ஓட்டுநருக்கு நம் வரலாற்று ஆர்வம் தெரியாது. கடந்துபோய், அடுத்த அகலமான இடத்திலோ குறுக்குச் சாலையிலோ திரும்பி வாருங்கள். புல் மூடிய ஓரம் தட்டையாகத்தான் தெரியும். அதன் கீழே வடிகால் பள்ளம் இருக்கும். ஏப்ரல் மாத ஈரத்தில் முன்சக்கரம் அப்படியே இறங்கி, எதிர்வீட்டு விவசாயி டிராக்டரும் சங்கிலியுமாக வந்து இழுத்துவிட்டார். "எந்தப் பலகைக்கு நின்றீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அது பழைய இடத்தில் இல்லை, சாலையை அகலப்படுத்தும்போது தள்ளி நட்டார்கள்" என்றார். சேற்றில் மாட்டியதற்கு லாபம்.

அவர் சொன்னதைப் பொதுவிதியாகவே வைத்துக்கொள்ளலாம். பலகை நிற்கும் இடமும் சம்பவம் நடந்த இடமும் பல நேரம் வேறு. 'அருகில்', 'கிழக்கே இத்தனை கஜம்', 'இத்தனை ராடு' என்று வாசகத்தில் வந்தால் திசையைப் பார்த்து நில்லுங்கள். ராடு பழைய நில அளவை, பதினாறரை அடி. அந்தத் திசையில் இருப்பது இன்று யாரோ ஒருவரின் சோளக்கொல்லை. வேலி இல்லையே என்று இறங்கிவிடக் கூடாது. வீட்டுக்காரர் வெளியே நின்றால் கையசைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். இல்லை என்றால் இல்லைதான்.

புல்லில் இறங்கினால் உண்ணி. மான் உண்ணி கடித்து லைம் நோய் வருகிற பகுதி இது. கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுப் பின்புறம் எல்லாம் பாருங்கள். செருப்போடு போகாதீர்கள்.

நான்காவது: கீழிருந்து மேலே படியுங்கள்

இந்த ஒரு பழக்கத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பலகைக்கு மிக அருகில் போய் நில்லுங்கள். பழைய பலகைகள் வார்ப்பிரும்பு. எழுத்து புடைத்திருக்கும், விரலால் தடவிப் படிக்கலாம். மஞ்சள் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் இன்னொரு மஞ்சள் தெரியும். யாரோ ஊர்க்காரர் சிறு தூரிகை வைத்துத் திரும்ப அடித்திருப்பார், எழுத்தின் விளிம்பில் கை நடுங்கியதுகூடத் தெரியும். கீழ்ப்பகுதியில் கல் பட்ட தழும்புகள்.

இப்போது கடைசி வரி. அங்கே நட்டது யார், எந்த ஆண்டு என்று இருக்கும். 'மாநிலக் கல்வித் துறை' என்றும் 1930-களின் ஓர் ஆண்டும் இருந்தால், அது சுதந்திரப் போரின் 150-ஆம் ஆண்டையொட்டி 1926-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பலகை. அந்தத் திட்டம் 1930-களின் இறுதிவரை மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கில் நட்டுத் தள்ளியது. போரை வென்றவர்களின் கொள்ளுப்பேரன்கள் காலத்து எழுத்து அது. 'பொமராய் அறக்கட்டளை' என்று இருந்தால் 2006-க்குப் பிறகு நட்டது. சிராக்யூஸில் இருக்கும் இந்த அறக்கட்டளை, அந்தக் காலத்து மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பலகைக்குப் பணம் தரும். ஆகவே புதிய பலகையில் பெயரும் தேதியும் கொஞ்சம் கறாராக இருக்கும். சுவை குறைவாகவும் இருக்கும். பாறையில் பதித்த வெண்கலத் தகடு என்றால் பெரும்பாலும் புரட்சிப் போர்வீரர் வழிவந்த பெண்களின் சங்கம் வைத்தது. அவர்களுக்கு அது குடும்பக் கதை.

நம் நடுகல்லில் செத்த வீரனின் பெயரோடு எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று முதலிலேயே வந்துவிடும். இங்கே அந்தத் தகவல் காலடியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நட்டவர் யார் என்று தெரிந்தபின் மேலே போய்ச் சொற்களை எண்ணுங்கள். 'படுகொலை' யாருக்கு வருகிறது, 'அழித்தார்கள்' யாருக்கு வருகிறது, 'பதிலடி' யாருக்கு வருகிறது என்று பாருங்கள். 'டோரி' என்றால் ஆங்கிலேய அரசருக்கு விசுவாசமாக நின்ற குடியேற்றக்காரர். வசவுச் சொல்லாகவே இங்கே புழங்கியது. 'ட்ரையன் கவுன்ட்டி' என்று படித்துவிட்டு மேப்பில் தேடாதீர்கள். 1772-இல் பிறந்து 1784-இல் பெயர் மாறிய மாவட்டம் அது.

என் மகள் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். கடைசி வரியை அவள் கையால் மூடிக்கொள்வாள். மேலே இருக்கும் வாசகத்தை வைத்து நாங்கள் ஆண்டைச் சொல்ல வேண்டும். இப்போது பத்துக்கு ஏழு சரியாக வருகிறது.

ஐந்தாவது: கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம்

கிராமத்துக்குள் வந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1778-இல் கோட்டை நின்ற இடம் அதுதான். இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் நூறாவது ஆண்டில், 1878-இல் திறக்கப்பட்டது.

அங்கே நின்றுகொண்டு படிக்க வேண்டிய கதை இது. மாசசூசெட்ஸ் படையின் கர்னல் இக்கபாட் ஆல்டன் கோட்டைக்குப் பொறுப்பு. தாக்குதல் வருகிறது என்று ஒனைடாக்கள் மூலம் அறிந்து ஸ்டான்விக்ஸ் கோட்டையிலிருந்து கடிதமே வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கோட்டைக்குள் வந்து தங்குகிறோம் என்று கேட்டார்கள். ஆல்டன் வேண்டாம் என்றார். அவரும் மற்ற அதிகாரிகளும் கோட்டைக்கு வெளியே, ராபர்ட் வெல்ஸ் என்பவர் வீட்டில் தங்கியிருந்தார்கள். 11-ஆம் தேதி காலை வால்டர் பட்லரின் ரேஞ்சர்களும் (ஆங்கிலேயர் பக்கம் நின்ற குடியேற்றக்காரர் படை) மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட்டின் ஆட்களும் பெரும் எண்ணிக்கையில் செனகா வீரர்களும் வந்தார்கள். ஆல்டன் கோட்டையை நோக்கி ஓடும் வழியிலேயே கொல்லப்பட்டார். வெல்ஸ் வீட்டில் இருந்த குடும்பம் முழுவதும் போயிற்று. ஸ்கெனெக்டடியில் படிக்கப் போயிருந்த ஜான் என்ற பையன் மட்டும் மிச்சம், பின்னாளில் அவர் நியூயார்க்கில் பேர்போன வழக்கறிஞர் ஆனார். கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்; வெளியே சுமார் 30 ஊர்க்காரர்கள், 14 வீரர்கள் செத்தார்கள். டன்லப் பாதிரியாரின் மனைவி கொல்லப்பட்டார். பாதிரியாரைக் காப்பாற்றியது தாக்க வந்தவர்களில் ஒரு பூர்வகுடித் தலைவர்.

தேய்ந்த கல்லைப் படிக்கச் சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதுவும் வேண்டாம். போனில் டார்ச்சைப் போட்டு, கல்லின் பக்கவாட்டில், அதோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து வாசகம் எழுந்து நிற்கும். மாலை நாலு மணிக்கு மேல் சூரியனே இந்த வேலையைச் செய்துவிடும். கல்லில் சாயக் கூடாது. பழைய கல் ஆடும்.

கிராமத்தின் சிறு அருங்காட்சியகம் கோடைகாலத்தில்தான் திறந்திருக்கும், நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காபி சீக்கிரம் குடித்துவிடுங்கள். கடைகள் நமக்காகக் காத்திருக்காது.

பெயர்க் குழப்பம்

வால்டர் பட்லரும் அவர் அப்பா ஜான் பட்லரும் ஆங்கிலேயர் பக்கம். ஒனாகுவாகாவை எரித்த வில்லியம் பட்லர் அமெரிக்கர், அவர்களுக்கு எதிர்ப்பக்கம். வயோமிங்கில் தோற்ற செபுலன் பட்லரும் அமெரிக்கர். நாலு பட்லர்கள், ஒரே வருடம். கிளிண்டன்களும் அப்படித்தான்: ஜேம்ஸ் அமெரிக்கத் தளபதி, அவர் தம்பி ஜார்ஜ் நியூயார்க் ஆளுநர், ஹென்றி ஆங்கிலேயப் படைத் தலைவர். பலகையில் வெறும் பட்லர் என்றோ கிளிண்டன் என்றோ இருந்தால் தாளைப் பாருங்கள். நான் ஒரு வருடம் முழுக்க வில்லியமும் வால்டரும் அண்ணன் தம்பி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது: கூப்பர்ஸ்டவுன் அணைக்கல்

செர்ரி வேலியிலிருந்து 166-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கி, பிறகு மேற்கே திரும்பினால் அரை மணிக்குள் கூப்பர்ஸ்டவுன். ஆட்ஸீகோ ஏரியிலிருந்து சஸ்குவேஹானா ஆறு புறப்படும் வாயருகே ஒரு பாறையும் தகடும் இருக்கும். 1779 கோடையில் ஜேம்ஸ் கிளிண்டனின் வீரர்கள் இங்கே ஓர் அணை கட்டினார்கள், தெற்கே தியோகாவில் இன்னொரு அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படையோடு சேர்வதற்காக என்று அந்தத் தகடு சொல்லும்.

அது நல்ல பொறியியல் கதை. மோஹாக் ஆற்றங்கரையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட படகுகளை வண்டிகளில் ஏற்றிச் சுமார் இருபது மைல் மலைப்பாதையில் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். கோடையில் ஆற்றில் படகு விடத் தண்ணீர் இல்லை. வாயை அடைத்து ஏரியின் மட்டத்தை உயர்த்தினார்கள். ஆகஸ்டில் அணையை உடைத்துவிட்டு அந்த வெள்ளத்திலேயே மிதந்து போனார்கள்.

எதற்காகப் போனார்கள்? தகடு அதோடு நின்றுவிடும். ஹோடினோஷோனி ஊர்களை முற்றாக அழிக்க வேண்டும் என்பது வாஷிங்டனின் எழுத்துப்பூர்வ உத்தரவு. 40 ஊர்களை அழித்ததாகவும் 160,000 புஷல் சோளத்தை நாசம் செய்ததாகவும் சல்லிவன் தன் அறிக்கையில் கணக்குக் கொடுத்தார். இந்தப் படையெடுப்பின் வழிநெடுக 1929-இல் நியூயார்க் மாநிலம் வரைபடத்தோடு நட்ட கற்கள் இருக்கின்றன. எல்லைப்புறத்தில் ஆங்கிலேயரும் இந்தியரும் செய்த அத்துமீறலைத் தடுத்து, நாட்டின் ஆட்சியை மேற்கே விரித்த படையெடுப்பு என்ற பொருளில் அவற்றில் எழுதியிருக்கும். சோளக் கணக்கு அதில் இல்லை. ஒன்றையாவது தேடிப் படியுங்கள். கடைசி வரியை மறக்காமல்.

பலகை காணவில்லை என்றால்

அடிக்கடி நடக்கும். கார் மோதி விழுந்திருக்கும், பெயின்ட் அடிக்கக் கழற்றியிருப்பார்கள். நியூயார்க்கில் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு வரலாற்றாளரை நியமிக்க வேண்டும் என்று 1919 முதல் சட்டம் இருக்கிறது. டவுன் அலுவலகத்தில் கேட்டால் தொடர்பு சொல்வார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருப்பார். "இது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த வரிக்கு ஆதாரம் எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு பெட்டி நிறையக் காகிதம் வெளியே வரும். மதியச் சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பயணம்

எரிந்த ஒனாகுவாகாவுக்குத் தனி நாள் வேண்டும். தெற்கே, இன்றைய விண்ட்ஸர் பக்கம், சஸ்குவேஹானா கரையில் இருந்தது அந்த ஊர்.

அதைவிட நான் சொல்வது கனடா. பிராண்ட்டின் மோஹாக் பெயர் தாயெண்டநேகியா. போருக்குப் பின் 1784-இல் கிராண்ட் ஆற்றங்கரையில் ஆங்கிலேய அரசு கொடுத்த நிலத்துக்கு அவர் தன் மக்களோடு போனார். ஒன்டாரியோவின் பிராண்ட்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயரே அவர் பெயர்தான். அங்கே விக்டோரியா பூங்காவில் அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது, 1886-இல் வைத்தது. செர்ரி வேலி கல்லறைத் தோட்டத்தில் பார்த்தீர்களே, அந்தச் சின்னத்துக்கு எட்டே வருடம் இளையது. டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரத்துக்குள். நயாகரா-ஆன்-த-லேக்கில் ஜான் பட்லரின் கல்லறையையும் பார்க்கலாம். வாசகங்களைப் படமெடுத்து, செர்ரி வேலியில் எடுத்த படங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்டாரியோவின் அரசுப் பலகைகளும் நீலம்தான்.

ஆல்பனியிலிருந்து போகிறவர்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் கனடா விசா விஷயத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று அருவியை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.